பூவிழிக்குக் காப்பு

பல் பிடுங்கப் போகிறவரை வழியனுப்ப சொந்தபந்தமெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற காலம் இது. காலில் முள் குத்தினால் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்கிறார்கள். முகச்சவரம் செய்துகொள்வது வீரச்செயல்களில் சேர்ந்துவிட்டது. அதனால் ஆண்கள் பாதிப்பேர் தாடியோடு அலைகிறார்கள். நான் தாடி வைத்ததற்குக் காரணம் சோம்பல்தான். கேட்பவர்களிடம் பாக்டீரியா என்று சொல்லிவிடுவேன்.

என் பெயர் திருவேங்கடம். கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் பாக்டீரியாக்களோடு குடித்தனம். பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு. ஆனால் யாராவது மயங்கி விழுந்தால் சத்தமில்லாமல் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுகிற வகை டாக்டர்.

கிருமிகளிடம் மருந்துகள் எப்படித் தோற்றன என்று யாரும் வெளிநாட்டுச் சதியைத் தேட வேண்டாம். சளிக்கும் இருமலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் "ஸ்ட்ராங்கா ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கி, ஒன்றைப் போட்டதும் உடம்பு தேவலை ஆகி, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர்கள் நாம். பாக்டீரியாக்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி மையம் அமைந்திருக்காது.

அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் குழு புது வகை மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தது. இதைச் சொல்லும்போது மட்டும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஆய்வகத்தில் நாங்கள் வைத்த செல்லப்பெயர் 'கூட்டணி'. தனியாக நின்றால் டெபாசிட் போய்விடும் என்பதால்.

அந்த மருந்தைத் தூக்கிக்கொண்டுதான் ஈரோட்டில் சாயக்காரர் வீதிக்குப் போனேன். முட்டுச்சந்து. ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே சாக்கடை, ஒரு பக்கம் மட்டும் வழி. அந்த வீதியில் பூவிழி இருந்தாள். பெட்ஷீட் கம்பெனியில் பூப்போட்ட டிசைன் வரைகிறவள். இரண்டு சிறுநீரகமும் போய், டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தாள். அம்மா கலாமணியின் சிறுநீரகம் பொருந்தியிருந்தது. ஆனால் எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு கிருமி அவள் குடலில் உட்கார்ந்துகொண்டு அடிக்கடி ரத்தத்துக்கு வந்து போயிற்று. கடைசி முறை உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். "அந்தக் கிருமி உள்ளே இருக்கிற வரைக்கும் கத்தி வைக்க மாட்டேன். வெச்சா மூணாம் நாள் பாடிதான்" என்று சர்ஜன் சத்தியசீலன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வீதிக்காரர்களைக் கல்யாண மண்டபத்தில் கூட்டி, திரை கட்டி, நான் வரைந்த படங்களை ஓட்டினேன். பந்தி உண்டா என்று மூன்று பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஏனுங்க டாக்டரு, சீக்கு பூவிழிக்குத்தானுங்களே? நாங்க எதுக்கு மாத்திரை முழுங்கோணும்?" என்று கேட்டார் ஷம்ஷாத். வீதியில் துணி தைக்கிற அக்கா. எதையும் கத்தரி போட்ட மாதிரி நறுக்கென்று கேட்பார்.

"பரீட்சைக்குப் பிட் கொண்டுபோற பசங்களைப் பார்த்திருக்கீங்களா?"

மண்டபத்தில் பலபேர் தரையைப் பார்த்தார்கள். பழைய அனுபவம்.

"பாக்டீரியாவும் அப்படித்தான். எந்த மருந்து வந்தா எப்படித் தப்பிக்கிறதுன்னு ஒரு பிட் வெச்சிருக்கு. பக்கத்துல இருக்கறதுக்கும் காப்பி எடுத்துக் குடுக்கும். இதுவரைக்கும் வந்த மருந்தெல்லாம் பையனையே கொல்லப் பார்த்தது. பிழைச்சவன் இன்னும் பெரிய பிட்டோட வந்தான். எங்க மருந்து யாரையும் கொல்லாது. கையில இருக்கற பிட்டைக் கீழே போட வைக்கும், அவ்வளவுதான். அப்புறம் உங்க தாத்தா காலத்து மாத்திரையே போதும்."

"அப்ப அவளுக்கு மட்டும் குடுங்க."

"ஹால்ல ஒருத்தன் கையில பிட் இருந்தாலும் மறுநாள் எல்லார் கையிலயும் இருக்கும்மா. ஒரே தண்ணி, ஒரே சாக்கடை, ஒருத்தர் வீட்டுக் குழம்பு இன்னொருத்தர் வீட்டுல. வீதியே சேர்ந்து ஒரே சமயத்துல முழுங்கணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் வெளியூர்ல தங்கவோ சாப்பிடவோ கூடாது, விருந்தாளி வரக் கூடாது."

முந்தைய முயற்சி வேறோர் ஊரில் மண்ணைக் கவ்வியிருந்தது. ஒரு மாப்பிள்ளை நடுவில் மாமியார் வீட்டுக் கறிவிருந்துக்குப் போய்வந்தார். கறியோடு பிட்டும் வந்தது. அதை நான் இங்கே சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது முன்வரிசையில் இருந்து பூவிழி எழுந்தாள். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்த கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டாள்.

"சார், நீங்க சொல்றது காப்புக் கட்டுறதுங்க. அதுக்கு எதுக்கு இத்தனை படம்?"

மண்டபம் ஒரே மூச்சில் "அட!" என்றது. மாரியம்மன் நோன்பிக்குக் காப்புக் கட்டியபின் ஊரைத் தாண்டி ராத்தங்க மாட்டார்கள், வெளியாளையும் தங்கவைக்க மாட்டார்கள். அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய சட்டம். நான் அரைநாள் படம் காட்டிச் சொன்னதை அவள் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மனுக்கு நோன்பி முடிஞ்சிருச்சே. இப்ப எந்தச் சாமிக்குன்னு கட்டுறது?" என்றார் ஒருவர்.

"சாமி பேரு எதுக்குங்க? புள்ள பேரைச் சொல்லிக் கட்டுங்க. அப்பத்தான் நானும் கட்டிக்க முடியும்" என்றார் ஷம்ஷாத்.

எல்லாம் கூடிவந்தது, ஒருவரைத் தவிர. பத்திரம் எழுதி ஓய்வுபெற்ற அர்த்தனாரி. பேச்சே கிரயப் பத்திரம் மாதிரி இருக்கும்.

"மேற்படி கிருமி என் வயித்துல குடியிருக்குதுங்கறதுக்கு அத்தாட்சி என்னங்க? தவிர, மேற்படி வீட்டாரோட எனக்கு ஒரு வழக்கு நிலுவையில இருக்குது."

பூவிழியின் அப்பா நாச்சிமுத்து வீட்டு மாடித் தண்ணீர் அர்த்தனாரியின் சுவரில் விழுகிறது. அதுதான் வழக்கு. பூவிழி பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆரம்பித்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டு ஆண்களுக்கும் பேச்சு இல்லை. மழை பெய்தால் இருவரும் குடையோடு வெளியே வந்து, ஒருவர் தண்ணீரையும் ஒருவர் சுவரையும் படம் எடுப்பார்களாம்.

நாச்சிமுத்து கெஞ்சமாட்டேன் என்று பல்லைக் கடித்தார். கட்டாயப்படுத்தக் கூடாது என்பது எங்கள் விதி. நான் மருந்துப்பெட்டியை மூடப்போன நேரத்தில் பூவிழியே நேரே அவரிடம் போனாள்.

"பெரிப்பா, நான் செத்துட்டேன்னு வைங்க. எங்கப்பா ஒடைஞ்சு போயிருவாரு. கேஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு விட்டுருவாரு. அப்புறம் நீங்க யாரோட சண்டை போடுவீங்க?"

அர்த்தனாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "எனக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லு. ஆனா இதனால மேற்படி வழக்கு எவ்விதத்திலும் பாதிக்கப்படாது."

தண்ணீர்த் தொட்டி அருகில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். வீதியே வரிசையில் நின்று மாத்திரை போட்டது. எனக்கும் கட்டிவிட்டார்கள். கோவைக்குப் போய்வந்தால் மரியாதையாக இருக்காது என்று நாச்சிமுத்து வீட்டு மாடி அறையிலேயே தங்கிவிட்டேன். கயிற்றோடு போட்டோ எடுத்து இயக்குநருக்கும் அனுப்பினேன். அவர் கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

விளையாட்டில்லை அது. பூவிழி டயாலிசிஸுக்கு மட்டும் போய், வெளியில் தண்ணீர்கூடத் தொடாமல் திரும்புவாள். ஷம்ஷாத்தின் தங்கைக்குப் பள்ளிபாளையத்தில் பிரசவம். ஆற்றைத் தாண்டினால் பத்து நிமிஷம். ஆனால் போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். போகவில்லை. குழந்தையைப் போனில் காட்டினார்கள். திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. காலையில் எல்லா வாசலிலும் மூடிபோட்ட டப்பா இருக்கும். உள்ளே என்ன என்பதை நாகரிகம் கருதி விடுகிறேன். ஆய்வகத்து வண்டி வந்து எடுத்துப்போகும்.

கலாமணிக்கு ஒருநாள் தலைவலி. "நீங்க படுங்கம்மா" என்று நானே அடுப்படிக்குள் புகுந்து உப்புமா கிண்டினேன். தேங்காய்ச் சட்னியும் அரைத்து, எல்லோருக்கும் கையாலேயே பரிமாறினேன். பூவிழி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு ஒரே பெருமை.

முடிவு வந்தது. வீதி முழுக்கச் சுத்தம். குழந்தைகள், கிழவர்கள், அர்த்தனாரி வரைக்கும் ஒருவர் வயிற்றிலும் பிட் இல்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தது. நாச்சிமுத்து வீட்டில். பூவிழிக்கும், சிறுநீரகம் கொடுக்க இருந்த கலாமணிக்கும்.

நாச்சிமுத்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். வானத்தோடு பேசினால் அர்த்தனாரியோடு பேசியதாகாது.

"மாத்திரையை நாக்குக்கு அடியில வெச்சிருந்து துப்புனா இப்படித்தானுங்க ஆகும்! பக்கத்துலயே சாக்கடை, பக்கத்துலயே வெசம்!"

வீதி நம்பியது. நானும் கொஞ்சம் நம்பினேன். அர்த்தனாரி வாசலுக்கு வந்து, சட்டைப் பட்டனை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு சொன்னார்: "டாக்டரு, எல்லாரு முன்னாலயும் என்னைய மறுபடி சோதனை போடுங்க. நாக்கு, வயிறு, குடல், எங்க வேணும்னாலும் பாத்துக்கங்க. அடியேன் சுயபுத்தியோட சம்மதிக்கிறேன்."

சோதித்தோம். வீதியிலேயே அதிகச் சுத்தமான வயிறு அந்த மனிதருடையதுதான்.

மறுநாள் மத்தியானம் ஆய்வகத்தில் இருந்து கிருபா கூப்பிட்டாள். என்னிடம் ஆராய்ச்சி செய்கிற பெண். தப்பாகச் சொல்லத் தெரியாது, பூசி மெழுகவும் தெரியாது.

"சார், பூவிழி வீட்டுல திரும்பி வந்திருக்கிற பிட்டை வரி வரியாப் படிச்சுப் பார்த்தேன். அது பழைய பிட் இல்லை. அந்த வீதியோடதே இல்லை."

"பின்னே?"

"கோயம்புத்தூர்ல சுத்திட்டிருக்கிற ரகம். நம்ம லேப் கேன்டீன் பக்கம் எடுத்த சாம்பிள்லகூட இருக்கு. வெளியாள் யாராவது வந்து தங்கினாங்களா சார்?"

"யாருமே இல்லை கிருபா. காப்புக் கட்டின வீதி. ஈ, எறும்பு உள்ளே வரலை. நானே ராப்பகலா இங்கேதான்..."

என் கண் மணிக்கட்டுக் கயிற்றுக்குப் போனது. கிருபா மரியாதைக்காகப் போனை வைத்துவிட்டாள்.

பரிசோதனை நடத்துகிறவன் மருந்து சாப்பிடுவதில்லை. எங்கள் தொழிலில் யாரும் எழுதிவைக்காத வழக்கம் இது. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள். நோயும் வயிறும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு. கயிறு கட்டிக்கொண்டேன். மாத்திரை மட்டும் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. உப்புமாவால் கவிழ்ந்த ஆய்வு உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அது முட்டுச்சந்து. எந்த வீட்டு வாசலையும் தாண்டாமல் ஓட முடியாது. தொட்டியடியில் எல்லோரையும் கூப்பிட்டேன்.

"அர்த்தனாரி ஐயா மேலே தப்பே இல்லை. கொண்டுவந்தது நான். மாத்திரை போடாதவன் இந்த வீதியில நான் ஒருத்தன்தான்."

 நாச்சிமுத்து முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்துவீட்டுச் சுவரைப் பார்த்தார். அவர் முகம் சிறுத்துப்போனது.

"இப்ப என்னங்க பண்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னொரு தடவை வீதிக்கே குடுக்கற அளவுக்கு மருந்து இருக்கு. அதுக்கு மேலே ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். ஆனா எல்லாரும் மறுபடி போடணும். மறுபடி காப்பு. ஒரு வீட்டுல இருந்தா, இந்நேரம் மத்த வீட்டுக்கும் கிளம்பியிருக்கும்."

ஷம்ஷாத் கயிற்றைத் திருகிக்கொண்டே, "குழந்தைக்குப் பேர் வைக்கறப்பவாச்சும் போயிரலாம்னு இருந்தனுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பூவிழி படியில் உட்கார்ந்திருந்தாள். "விடுங்கக்கா. நீங்க போயிட்டு வாங்க. ஒரு தடவை எல்லாரும் எனக்காக இருந்தீங்களே, அது போதும்" என்றாள். அன்றைக்குக் காலையில்தான் அவளுக்கு மறுபடி காய்ச்சல் தொடங்கியிருந்தது. எல்லோருக்கும் தெரியும்.

யாரும் நகரவில்லை. யாரும் முன்னாலும் வரவில்லை.

அர்த்தனாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மருந்துப்பெட்டியில் கைவிட்டு ஒரு மாத்திரையை எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்தார்.

"டாக்டரு மொதல்ல."

முழுங்கினேன்.

"வாயைத் தொறங்க."

திறந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் நாக்கின் மேலும் கீழும் இடமும் வலமும் நான்கு எல்லையும் சரிபார்த்தார். வீதிக் குழந்தைகள் எல்லாம் எட்டிப் பார்த்தன. இத்தனை வருட ஆராய்ச்சி வாழ்க்கையில் என்னை இவ்வளவு கூர்மையாக யாரும் ஆய்வு செய்ததில்லை.

"சரி" என்று சொல்லித் தனக்கொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். "அடுத்த ஆள் வாங்க."

ஷம்ஷாத்தான் அடுத்து வந்தார். "பேர் வெச்சாலும், கூப்பிட்டாக் குழந்தை திரும்பிப் பாக்க எப்படியும் மாசக்கணக்காகும். அப்பப் போயிக்கறேன்" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை தானாக நீண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பரிசுகள் வாங்கியிருக்கிறேன், மேடைகளில் நின்றிருக்கிறேன். அந்த வரிசையைப் பார்த்தபோது வந்த பெருமை அங்கெல்லாம் வரவில்லை. அதில் நான் செய்தது ஒன்றுமில்லை, கெடுத்ததைத் தவிர.

இந்தமுறை வீதி சுத்தமானது. என்னையும் சேர்த்து. பூவிழியின் காய்ச்சலும் இறங்கியது. எனக்கு உப்புமா கிண்டத் தடை போட்டிருந்தார்கள்.

அறுவைக்குத் தேதி குறிக்கப்போன அன்று அர்த்தனாரியும் கூடவே காரில் ஏறிக்கொண்டார். சர்ஜன் சத்தியசீலனின் அறையில், நாற்காலி காட்டியும் உட்காராமல் கேட்டார்.

"கத்தி புடிக்கறது தாங்கள்தானுங்களே? தாங்கள் மாத்திரை போட்டாச்சுங்களா?"

"நானா? நான் எதுக்குங்க?" என்றார் சர்ஜன். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்துக் குரல்.

"சார்" என்றேன். "உட்காருங்க. நான் ஒரு உப்புமா கதை சொல்றேன்."

சத்தியசீலன் பெரிய மனிதர். கதை முடிவதற்குள் மணிக்கட்டை நீட்டிவிட்டார். மயக்கம் கொடுப்பவர், நர்சுகள், தியேட்டர் துடைப்பவர், அம்மாவையும் மகளையும் தொடப்போகிற எல்லோருக்கும் மஞ்சள் கயிறு, வீதிக்குப் போக மிஞ்சிய கைப்பிடி மாத்திரை. ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியே வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே தங்கியது. தினமும் காலையில் அவர்கள் வரிசையாக வாயைத் திறக்க, ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த நகரத்துப் பெரிய சர்ஜன் "ஆ" என்று நின்றதை நானே கண்ணால் பார்த்தேன்.

அறுவை நடந்தது. பிறகு பூவிழிக்கு ஏற்றியது எது தெரியுமா? பாக்டீரியாக்கள் பார்த்துச் சிரிக்கின்றன என்று நாங்கள் எப்போதோ ஒதுக்கிவைத்த அரதப்பழைய மருந்து. இப்போது அவை சிரிக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் முழித்துக்கொண்டு நின்றன. காய்ச்சல் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை.

ஆனால் புதுச் சிறுநீரகம் அசையாமல் கிடந்தது. சிலருக்குப் பொருத்திய உடனே வேலை செய்யும், சிலருக்குச் சில நாள் ஆகும், சிலருக்கு வேலை செய்யாமலே போகும் என்றார் சத்தியசீலன். வராந்தாவில் நாச்சிமுத்து ஒரு பெஞ்சில். அர்த்தனாரி எதிர்க் கோடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. நான் நடுவில், எந்தப் பக்கமும் சேராமல். அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

நான்காம் நாள் காலை ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன். ஆனால் அவர் என்னைத் தாண்டிப் போனார். வராந்தாவின் கோடி வரைக்கும் போய், அந்த முதுகுக்குப் பின்னால் நின்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போல.

"அண்ணா" என்றார். "பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டா."

அர்த்தனாரி திரும்பினார். தொண்டையைச் செருமினார். மேற்படி, வில்லங்கம், அத்தாட்சி, ஒரு வார்த்தையும் வரவில்லை.

"எவ்வளவு?"

"நெம்பங்ணா. பையே நெறைஞ்சிருச்சாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார்.

"நல்லாப் போகட்டும்" என்றார். "சாயங்காலம் மறுக்காவும் போனாளான்னு கேட்டு எனக்குச் சொல்லு, நாச்சி."